நிச்சயமின்மையும் அறத்தீர்ப்பும்: உயிராபத்தான நிலையிற் சத்திர சிகிச்சை பற்றிய ஒரு நோக்கு

அறவியல் நூல்களில் எழுப்பப்படும் வினாக்களிற் பல, நிலைமை முழுவதையும் தெளிவாக அறிந்த ஒருவனை முன்னிறுத்தியே எழுப்பப்படுகின்றன. இன்னது செய்தால் இன்னது விளையும் என்பது அவனுக்குத் தெரியும். அவன் எதனைத் தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதே அங்கு வினா. ஆனால், மனித வாழ்வின் கடுமையான தீர்மானங்கள் அவ்வாறு அமைவதில்லை. உண்மை பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் கிடக்கும். ஆராய்ந்து தெளியக் காலம் போதாது. தீர்மானியாது தாமதித்தலே ஒரு தீர்மானமாகிவிடும். அரிஸ்ரோட்டில் ஒழுக்கத்தைப் பற்றி ஆராய்ந்தபோது மருத்துவத்தையும் மாலுமித் தொழிலையும் உவமையாக எடுத்துக்கொண்டமை தற்செயலன்று. இவ்விரு துறைகளிலும் பொதுவிதி வழிகாட்டும். எனினும், அந்தந்த வேளையில் நின்று தீர்மானிக்கும் பொறுப்பினின்றும் அது மனிதனை விடுவிக்காது.

இத்தகைய தீர்மானத்துக்குத் தக்க எடுத்துக்காட்டு ஒன்று தற்கால மருத்துவத்தில் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவிலே, ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் செயலிழந்த நிலையிற் கிடக்கும் நோயாளி ஒருவரின் வயிற்றைத் திறந்து சத்திர சிகிச்சை செய்வதா, விடுவதா என்பதே அது. திறந்தால் அச்சிகிச்சையே அவர் உயிரைப் போக்கலாம்; திறவாது விட்டால் உள்ளிருக்கும் நோய் போக்கலாம். இவற்றுள் எது நிகழும் என்பதை எவரும் முன்கூட்டி அறியார். இந்நிலையிலே சரியான தீர்மானம் என்பது யாது? அது நோயாளி பிழைத்தாரா என்பதனால் அளக்கப்படுவதா, வேறொன்றினால் அளக்கப்படுவதா? இவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருளாகும்.

பிரச்சினையின் இயல்பு

இப்பிரச்சினை மருத்துவத்தின் வெற்றியிலிருந்தே பிறந்தது. 1952இல் டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவியபோது, சுவாசத் தசைகள் செயலிழந்தோரின் தொண்டையில் துளையிட்டு, மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக் கையாற் காற்றுப்பையை அமுக்கிச் சுவாசம் கொடுத்தனர். இம்முறையைப் புகுத்தியவர் பியோர்ன் இப்சன் என்னும் மயக்க மருந்து நிபுணர். அம்முயற்சியின் வழிவந்தவையே இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள். அதற்கு முன்னர் ஓர் உறுப்புச் செயலிழந்தால் நோயாளி இறந்துவிடுவார். பின்னரோ, நுரையீரலின் வேலையைச் சுவாசப் பொறியும், சிறுநீரகத்தின் வேலையைக் குருதிச் சுத்திகரிப்பு இயந்திரமும் ஏற்றுக்கொண்டன; வீழ்ந்த குருதியமுக்கத்தை மருந்துகள் உயர்த்தி வைத்தன. ஓர் உறுப்பின் வீழ்ச்சியைக் கடந்து உயிரோடிருந்தமையாலேயே அடுத்தடுத்து ஏனைய உறுப்புகள் வீழ்வதை மருத்துவ உலகம் காண நேர்ந்தது. 1975இல் ஆதர் பௌ என்னும் அமெரிக்கச் சத்திர சிகிச்சை நிபுணர் இதனை எழுபதுகளின் நோய்க்குறித்தொகுதி என வருணித்தார்.

இங்கு வயிறு முதன்மை பெறுவதற்குக் காரணம் உண்டு. குடலில் ஏற்பட்ட துளை, தைத்த இடத்தில் ஏற்பட்ட கசிவு, மறைவாகத் தேங்கிய சீழ், குருதியோட்டம் தடைப்பட்டு அழுகிய குடற்பகுதி ஆகிய யாவும் நஞ்சூற்றுகளாய் நின்று தூரத்து உறுப்புகளையும் வீழ்த்தவல்லன. ஊற்றை அடைக்காது மருந்தை மட்டும் ஊற்றுதல் பயன் தராது. ஆயின், அந்த ஊற்று உள்ளே உண்டா என்பதை அறிதலே அரிது. சாதாரண நோயாளி வலிக்கும் இடத்தைச் சொல்வார்; வைத்தியர் கைவைத்து அழுத்தினால் வயிறு இறுகும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவரோ மயக்க மருந்தின் பிடியில் இருக்கிறார். தொண்டையிற் குழாய் உள்ளது. காய்ச்சலும் வெண்குருதிக் கலங்களின் பெருக்கமும் பிற காரணங்களாலும் ஏற்படக்கூடியவை. சீ.ரி. ஸ்கான் படம் உதவும். ஆனால் குருதியமுக்கம் தளம்பும் ஒருவரைப் பொறிகளோடு ஸ்கான் அறைக்குக் கொண்டு செல்வதே ஆபத்தானது. படமும் எப்போதும் ஐயத்தைத் தீர்த்துவைப்பதில்லை. சுருங்கக் கூறின், பேசவேண்டியவர் பேச இயலாதவராகவும் அறியவேண்டியது மறைந்ததாகவும் இருக்கும் நிலையே இது.

ஒரு கொள்கை எழுந்தமையும் வீழ்ந்தமையும்

இவ்விருளில் ஒரு விதியைக் கண்டுவிட்டதாக ஒருகாலத்திற் கருதப்பட்டது. 1977இல் போல்க், ஷீல்ட்ஸ் ஆகிய இருவர், தூரத்து உறுப்பொன்று செயலிழத்தலே வயிற்றினுள் மறைந்துள்ள கிருமித் தொற்றுக்கு நம்பத்தக்க அறிகுறி என எழுதினர். 1980இல் ஃபிறையும் அவருடன் பணியாற்றியோரும், அவசர சத்திர சிகிச்சைக்கு உட்பட்ட 553 நோயாளரை ஆராய்ந்து, பல உறுப்புச் செயலிழப்புக்கு ஆளான 38 பேரிடத்துக் கட்டுப்படாத கிருமித் தொற்றே தலையாய காரணமாக நின்றதை எடுத்துக்காட்டினர். இவற்றிலிருந்து ஒரு நடைமுறை கிளைத்தது: உறுப்புகள் வீழ்கின்றன, காரணம் தெரியவில்லை, ஆகவே வயிற்றைத் திறந்து பார்.

இந்நடைமுறைக்கு ஒரு மனிதாபிமானத் தோற்றம் இருந்தது. கைகட்டி நில்லாது போராடுதல் எவருக்கும் உவப்பானது. ஆனால் ஒரு தசாப்தம் முடிவதற்குள் ஐயங்கள் எழுந்தன. நெதர்லாந்தைச் சேர்ந்த கோரிஸும் பிறரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு, கிருமித் தொற்று இல்லாமலே உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழக்கூடும் என்பதைப் புலப்படுத்தியது. விபத்திற் படுகாயமுற்றோரின் உடலே தன் அழற்சியினால் தன்னை அழித்துக்கொள்ளலாம். அத்தகையோரின் வயிற்றில் தேடுதற்கு எதுவுமில்லை. 1986இல் பண்ற் என்பவர், குறித்த தடயம் எதுவுமின்றி வயிற்றை மீளத் திறத்தல் பயனற்ற செயல் என்றே முடிவுகட்டினார்.

ஒரு விதி எழுந்து வீழ்ந்த இவ்வரலாறு அறவியல் மாணவர்க்குப் பாடம் புகட்டுவது. சீழ் உள்ளவரிடம் உறுப்புகள் வீழும் என்பது உண்மை. உறுப்புகள் வீழ்ந்தவரிடம் சீழ் இருக்கும் என்பது அதிலிருந்து பெறப்படாது. தருக்கநூலின் தொடக்கப் பாடங்களில் வரும் இவ்வழு, நோயாளியின் படுக்கையருகே அவசரமும் இரக்கமும் கலந்து வரும்போது எளிதிற் புலப்படுவதில்லை. அங்கே அது கடமை என்னும் வடிவத்தைப் பெற்றுவிடுகிறது.

இரு வாதங்கள்

இத்தகைய நோயாளி பற்றிய கலந்துரையாடல்களில் இரு வாதங்கள் அடிக்கடி எழும். இரண்டும் முதற்பார்வைக்கு வலியனவாகத் தோன்றுவன. ஆராயின் இரண்டும் உடைவன.

முதலாவது, “எப்படியும் இறக்கப்போகிறவர், திறந்து பார்ப்பதால் இழப்பதற்கு என்ன இருக்கிறது?” என்பது. இவ்வாதம் தன்னைத்தானே மறுக்கிறது. அவர் இறப்பது உறுதியாயின் சத்திர சிகிச்சைக்கு நோக்கமே இல்லை. நோக்கமில்லாது ஒருவரின் உடலை வெட்டுதற்கு எவருக்கும் உரிமை இல்லை. பிழைக்கும் வாய்ப்புச் சிறிதேனும் உண்டாயின், அந்த வாய்ப்பே இழக்கப்படக்கூடிய பொருளாகும். குருதியமுக்கம் மருந்தில் தொங்கி நிற்கையில் மயக்க மருந்தும், குருதியிழப்பும், உடல் குளிர்தலும், அழற்சியால் ஒட்டிக் கிடக்கும் குடலைப் பிரிக்கையில் நேரும் புதிய துளைகளும் அவ்வாய்ப்பை அழித்துவிடலாம். அன்றியும், இழப்பு என்பது உயிரிழப்பு மட்டுமன்று. உறவினர் சூழ அமைதியாகக் கழியக்கூடிய இறுதி மணித்தியாலங்கள் சத்திர சிகிச்சைக் கூடத்திற் கழிந்துவிடுதலும் இழப்பே. இறக்கும் மனிதனுக்கு இழக்க எதுவும் இல்லை என்று கூறுவது, அவனை மனிதர் கணக்கிலிருந்து முன்னதாகவே நீக்கிவிடுவதாகும்.

இரண்டாவது வாதம் இதற்கு எதிர்த்திசையில் வருவது: “நிலைமை மிக மோசம், சத்திர சிகிச்சையைத் தாங்கமாட்டார், சற்றுத் தேறட்டும்.” இதில் எச்சரிக்கை உணர்வு உண்டு. ஆயினும், குடலிலுள்ள துளையே அவரை வீழ்த்திக்கொண்டிருக்கிறதென்றால், அத்துளை மூடப்படாது அவர் எவ்வாறு தேறுவார்? காரணம் நீங்கட்டும், பின்னர் காரணத்தை நீக்குவோம் என்று கூறுவதற்கு இது ஒப்பாகும். அழுகிய குடல் வயிற்றினுள் இருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் நோயாளிக்கு எதிராகவே கழிகிறது. இங்கு தாமதம் நிதானத்தின் வேடம் புனைந்து நிற்கிறது.

ஆனால், விரைந்து செய்தலே எப்போதும் நன்று என்பதும் பெறப்படாது. சதையி அழற்சியுற்று அதன் திசுக்கள் இறந்துபோகும் கடுமையான நோயிலும் உறுப்புகள் வீழ்கின்றன. வயிற்றிலே இறந்த திசு இருப்பதும் தெரியும். எனினும், அந்நோயில் முந்தித் திறத்தலே தீங்காயிற்று. 1997இல் மெக்சிக்கோவிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வில், முற்பட்ட நாட்களிலே சத்திர சிகிச்சை செய்யப்பட்டோரிடையே இறப்பு மிகுந்து காணப்பட்டமையால் ஆய்வே இடையில் நிறுத்தப்பட்டது. 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில் 88 நோயாளர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வயிறு திறக்கப்பட்டு இறந்த திசு நீக்கப்பட்டது. மற்றையோருக்கு முதலில் தோலினூடாகக் குழாய் இட்டு வடித்து, தேவைப்பட்டால் மட்டும் அடுத்த படிக்குச் செல்லப்பட்டது. பெருஞ்சிக்கல்களோ மரணமோ நேர்ந்தோர் முதற்பிரிவில் 69 சதவீதம். இரண்டாவதில் 40 சதவீதம். குழாய் இட்டவர்களுள் 35 சதவீதத்தினருக்கு வேறு சிகிச்சையே தேவைப்படவில்லை. இறப்பு வீதத்தில் மட்டும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

துளையுற்ற குடலுக்கு விரைவு அறமாகிறது. சதையி நோய்க்குப் பொறுமை அறமாகிறது. ஆகவே துணிவு, நிதானம் என்னும் பண்புகள் தம்மளவிலே தீர்மானத்தைத் தரமாட்டா. இந்த நோயாளியின் வீழ்ச்சிக்கு வயிறு காரணமா, அன்றி வயிறும் வீழ்ந்த உறுப்புகளில் ஒன்றா என்னும் கேள்விக்கு எவ்வளவு நேர்மையாக விடை தேடப்பட்டது என்பதே தீர்மானத்தின் தகுதியை நிர்ணயிப்பது.

செய்தலும் செய்யாது விடுதலும்

செய்து தீங்கு விளைத்தல், செய்யாது விட்டுத் தீங்கு நேர விடுதல் ஆகிய இரண்டுக்கும் இடையே அறமுறையில் வேறுபாடு உண்டா என்னும் வினா பழையது. 1975இல் ஜேம்ஸ் றேச்சல்ஸ் என்னும் மெய்யியலாளர், இவ்வேறுபாடு தன்னளவில் எவ்வித அறப் பெறுமதியும் உடையதன்று என வாதிட்டார். அவர் கூற்று முழுவதையும் ஏற்காதோரும் ஒன்றை ஒப்புதல் வேண்டும். செய்யாமையும் தெரிந்தே மேற்கொள்ளப்படும்போது அதற்கும் காரணம் கூறும் பொறுப்பு உண்டு.

சத்திர சிகிச்சைத் துறையில் இது நடைமுறைப் பிரச்சினையாகிறது. மேசையில் நேரும் மரணம் சத்திர சிகிச்சை நிபுணரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும். வாட்டில் நேரும் மரணம் நோயின் பெயரால் எழுதப்படும். எனவே தீர்மானிப்பவரின் மனம் தம்மை அறியாமலே, பழி வராத பக்கம் சாயக்கூடும். மாறாக, வேறு சிலர் ஏதேனும் செய்துவிட்டோம் என்னும் ஆறுதலுக்காகச் செய்யும் பக்கம் சாய்வர். இரண்டிலும் நோயாளியின் நன்மை இரண்டாமிடம் பெற்றுவிடுகிறது.

செய்தலைப் பழக்கமாக்கிக்கொள்வதன் விலையை 2007இல் நெதர்லாந்திலிருந்து வெளிவந்த மற்றோர் ஆய்வு அளந்துகாட்டியது. கடுமையான வயிற்றறை அழற்சிக்குச் சத்திர சிகிச்சை பெற்ற 232 நோயாளர் அதிற் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினரின் வயிறு திட்டப்படி மீண்டும் மீண்டும் திறக்கப்பட்டது. மற்றைப் பிரிவினருக்கு, நிலைமை மோசமாகும்போதோ தேறாதிருக்கும்போதோ மட்டும் திறக்கப்பட்டது. பன்னிரு மாதங்களின் பின் இறந்தோர் முறையே 36, 29 சதவீதம். இவ்வேறுபாடு புள்ளிவிபரவியல் முறையில் உறுதியானதன்று. ஆனால் திட்டப்படி திறந்தோரிடையே முதலாவது மீள்திறப்புகளுள் 66 சதவீதத்திற் புதிதாக எதுவும் காணப்படவில்லை; தேவை நோக்கித் திறந்தோரிடையே இது 31 சதவீதமாகும். உற்றுநோக்கிக் காத்திருத்தல் கைவிடுதலாகாது என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது. மணிக்கு மணி நோயாளியிடம் திரும்பி வந்து, தன் முடிவை மீளச் சோதிப்பவரின் காத்திருத்தலும் செயலே. வராது இருப்பவரின் காத்திருத்தல் மட்டுமே செய்யாது விடுதல்.

எனினும், இரண்டாம் பிரிவினரிடையேயும் ஏறத்தாழ மூன்றிலொரு திறப்பு வீணாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது. மிகுந்த கவனத்தோடு தெரிந்தெடுத்த இடத்திலும் இவ்வளவு பிழை எஞ்சி நிற்கிறது. இது அடுத்த வினாவுக்கு இட்டுச்செல்கிறது.

விளைவும் பழியும்

ஒரே நிலையிலுள்ள இரு நோயாளரை, ஒரே தடயங்களைக் கொண்டு, இரு சத்திர சிகிச்சை நிபுணர் திறக்கின்றனர் எனக் கொள்க. ஒருவர் சீழைக் கண்டு வடிக்கிறார், நோயாளி பிழைக்கிறார். மற்றவர் எதனையும் காணவில்லை; நோயாளி மறுநாள் இறக்கிறார். முன்னவரை உலகம் போற்றும், பின்னவரை ஐயுறும். இருவரின் அறிவிலும் எண்ணத்திலும் கவனத்திலும் வேறுபாடு இல்லையாயின், இப்புகழும் பழியும் எவ்வாறு நியாயமாகும்? 1976இல் பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகிய இரு மெய்யியலாளர் இதனையொத்த நிலைகளையே அறத்தில் தற்செயலின் பங்கு என்னும் பொருளில் ஆராய்ந்தனர். மனிதன் தன் கட்டுப்பாட்டில் உள்ளவற்றுக்கே பொறுப்பாளி என்று அறிவு கூறுகிறது. நடைமுறையிலோ அவன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட விளைவைக் கொண்டே அவன் எடைபோடப்படுகிறான்.

அதே ஆண்டில் கோறோவிற்ஸ், மக்கின்ரயர் ஆகியோர் மருத்துவத் தவறு பற்றி எழுதியதும் இங்கு பயன்தருவது. விஞ்ஞானம் பொதுவிதிகளைத் தருகிறது. வைத்தியரோ தனியொரு மனிதனை எதிர்கொள்கிறார். அத்தனிமனிதனைப் பற்றிய முழு அறிவு எக்காலத்தும் கிட்டாது. ஆகவே அறியாமையாலோ கவனக்குறைவாலோ நேராத, ஆனால் தவிர்க்கவும் இயலாத ஒருவகைத் தவறு மருத்துவத்தோடு உடன்பிறந்தது என்பது அவர்கள் வாதம்.

இதிலிருந்து, விளைவு எதுவாயினும் தீர்மானித்தவருக்குப் பொறுப்பில்லை என்று முடிவுகட்டல் ஆகாது. தீர்மானத்தை அதன் காரணங்களைக் கொண்டு மதிப்பிடுதல் வேண்டும்; ஆனால் அக்காரணங்கள் முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருத்தல் வேண்டும். எதனைக் காண எதிர்பார்த்துத் திறக்கப்படுகிறது, அது காணப்படின் என்ன செய்யப்படும், காணப்படாவிடின் என்ன செய்யப்படும் என்பன கத்தியை எடுக்குமுன் பதிவாகியிருப்பின், பின்னர் விளைவு வந்து நியாயத்தைத் திரிக்க முடியாது. வெற்றி பெற்றவரும் தம் காரணம் தவறாயிருந்ததை உணர அப்பதிவு உதவும். நற்காரணத்தோடு செய்தும் நோயாளியை இழந்தவருக்கு வருத்தம் இருக்கும், இருத்தலும் வேண்டும். அவ்வருத்தம் குற்றவுணர்விலிருந்து வேறுபட்டது.

தீர்மானம் யாருடையது?

வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என நான்கு கூறாக வகுத்து, நோயாளியையே முதலில் வைத்தார். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவில் முதற்கூறாகிய நோயாளி மௌனமாக இருப்பதால், நான்காம் கூறாகிய உறவினரிடம் வைத்தியர் பேசவேண்டியுள்ளது. அங்கே கேட்கப்படும் கேள்வியின் வடிவம் முக்கியமானது. “ஒப்பரேசன் செய்யட்டுமா?” என்று ஒரு மகனிடம் கேட்டால், “எல்லாம் செய்யுங்கோ ஐயா” என்பதைத் தவிர வேறு விடை கூற அவனால் இயலாது. வேண்டாம் என்பது தந்தைக்கு மரணத் தீர்ப்பு எழுதுவதுபோல் அவனுக்குத் தோன்றும். மருத்துவத் தீர்மானத்தின் சுமையை அறியாதவன் தோளில் இறக்கிவைப்பது சம்மதம் பெறுதல் ஆகாது.

உறவினரிடம் கேட்கத்தக்கது வேறு. இம்மனிதர் எத்தகையவர்? எதனை வாழ்வென்று கொள்வார்? மாதக்கணக்கிற் படுக்கை, வயிற்றிலே மலம் வெளியேறும் வாயில், பிறர் கையில் தங்கிய வாழ்வு என்பவற்றை அவர் ஏற்றுக்கொள்வாரா? இவற்றுக்கு விடையளிக்க அவர்களைவிடத் தகுந்தவர் இல்லை. குடலுக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடி அடைபட்ட நோயாளியை எடுத்துக்கொள்க. வயிற்றைத் திறந்தபின் சிறுகுடல் முழுவதும் கறுத்து இறந்திருப்பது தெரியவரலாம். அதனை முழுவதும் அகற்றலாம். ஆனால் எஞ்சிய நாளெல்லாம் நாளத்தினூடாகவே உணவு செலுத்தப்படல் வேண்டும். அவ்வசதி பல நாடுகளில் அரிது. அந்த வேளையில் ஒன்றும் செய்யாது வயிற்றை மூடிவிடுவதே சரியான செயலாகலாம். இவ்விடயம் முன்னரே உறவினரோடு பேசப்பட்டிருப்பின் அது ஒன்றாக எடுத்த தீர்மானமாகும். பேசப்படாதிருப்பின் ஒருவர் தனியே சுமக்கும் பாரமாகும்.

1957 நவம்பரில் மயக்க மருந்து நிபுணர்களுக்கு உரையாற்றிய பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ், உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளுதலே கடமை என்றும், பெருஞ்சுமையாகும் அசாதாரண வழிகள் கட்டாயமல்ல என்றும் கூறினார். எது சாதாரணம் என்பது காலத்தோடும் இடத்தோடும் மாறும். இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளைப்போல, கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கப்பட்டுத் தீவிர சிகிச்சைக் கட்டில்கள் சிலவே உள்ள இடங்களில், அடுத்த கட்டிலுக்குக் காத்திருப்பவரின் உரிமையும் எழுகிறது. அவ்வுரிமை மெய்யானதே. ஆயினும், வளப்பற்றாக்குறையை நோயின் குணமின்மை போலக் காட்டிப் பேசுதல் நேர்மையாகாது. இரண்டும் வெவ்வேறு காரணங்கள். வெவ்வேறாகவே கூறப்படல் வேண்டும்.

முடிவுரை

உறுப்புகள் வீழ்ந்த நோயாளியின் வயிற்றைத் திறக்கும் தீர்மானத்துக்கு எக்காலமும் பொருந்தும் விதி கிடைக்கவில்லை. கிடைத்துவிட்டதென எண்ணிய காலத்தில் வீணாக உடல்கள் திறக்கப்பட்டன. எனினும், விதியின்மை மனம்போன போக்குக்கு இடமளிப்பதன்று. திறப்பவர், நீக்கக்கூடிய காரணமொன்றைப் பெயரிட்டுச் சொல்லக்கூடியவராக இருத்தல் வேண்டும். திறவாது விடுபவரும் தம் காரணத்தை அவ்வாறே சொல்லி, அது மாறும்போது தம் முடிவையும் மாற்றும் மனமுடையவராக இருத்தல் வேண்டும். எந்த நிலையில் நிறுத்துவது என்பது தொடங்குமுன்னரே பேசப்படல் வேண்டும். முடிந்தபின், வெற்றியாயினும் தோல்வியாயினும், காரணங்கள் மீள ஆராயப்படல் வேண்டும்.

இவ்வளவும் செய்தபின்னரும் நோயாளி இறக்கலாம். அவ்வேளையில் “எல்லாம் செய்தோம்” என்று உறவினரிடம் கூறுவது எளிது. செய்யத்தக்கதைச் செய்தோம், செய்யத்தகாததை விடுத்தோம், இன்ன காரணத்தால் அவ்வாறு செய்தோம் எனக் கூறவல்லவரே நிச்சயமின்மையின் நடுவே அறத்தைக் கைவிடாதவராவர்.